தட்டு அறையைக் காலி செய்யும் முன்: வானாய்வக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

பர்னார்டு விண்மீனைப் படமெடுக்கும் பணி இந்தப் பருவத்தோடு நிறுத்தப்படும், அந்தப் படங்கள் பதிந்த கண்ணாடித் தட்டுகளை வைத்திருக்கும் அறை காலி செய்யப்படும் என்ற உங்கள் முடிவு ஒரே ஒரு பக்கமாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. நின்றபடியே இரண்டு முறை படித்தேன். "இத்தட்டுகளின் அறிவியல் பயன் முழுமையாகப் பெறப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி. "தேர்ந்தெடுத்த தட்டுகள் மட்டும் ஸ்கேன் செய்யப்பட்டு, ஏனையவையும் பழைய பதிவேடுகளும் அப்புறப்படுத்தப்படும்" என்று இன்னொரு வரி. அந்த அறையில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்து தட்டுகளை அளந்தவன் நான். முதல் வரி உண்மையல்ல. இரண்டாவது வரி நடந்தேறிவிட்டால், பிறகு யார் வருந்தினாலும் திருத்த முடியாது. அதனால்தான் இதை உங்களுக்குத் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சூரியனை விட்டுவிட்டால், ஆல்பா சென்டாரியின் மூன்று விண்மீன்களுக்கு அடுத்தபடியாக நமக்கு அருகில் இருப்பது பர்னார்டு விண்மீன். தொலைவு 6 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. சூரியனின் நிறையில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே கொண்ட, மங்கிய சிவப்புக் குறு விண்மீன் அது. நம் விண்மீன் மண்டலத்தில் நான்கில் மூன்று இந்த வகைதான் என்றாலும், அவற்றில் ஒன்றுகூடச் சாதாரணமாக வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த விண்மீனுக்குப் பெயர் வந்த கதையே ஒரு பழைய தட்டின் கதைதான். 1916-இல் எட்வர்டு எமர்சன் பர்னார்டு, தாம் எடுத்த புதிய தட்டை 1894-ஆம் ஆண்டுத் தட்டோடு வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. ஆண்டுக்கு 10.3 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு); ஒரு மனிதர் பிறந்து முதுமையடைவதற்குள் முழுநிலாவின் அகலத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தை அது கடந்துவிடும். வானத்தில் இவ்வளவு வேகமாக இடம்பெயரும் விண்மீன் வேறு இல்லை. பிறகு தேடிப் பார்த்தபோது, ஹார்வர்டு வானாய்வகத்தின் 1888-ஆம் ஆண்டுத் தட்டிலும் அது இருந்தது. அந்தத் தட்டை எடுத்தவர்களுக்கு இப்படி ஒரு விண்மீன் இருப்பதே தெரியாது. எடுத்தார்கள், உறையிட்டார்கள், அலமாரியில் வைத்தார்கள். யாரும் தூக்கிப் போடவில்லை.

விண்மீனோடு சேர்ந்து சுற்றும், கண்ணுக்குத் தெரியாத துணையை (கோளோ இன்னொரு விண்மீனோ) எப்படிக் கண்டுபிடிப்பது என்பது குழுவில் உள்ள அறிவியலாளர்களுக்குத் தெரியும். கணக்கும் கட்டடமும் பார்க்கும் உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். தனியாகப் போகும் விண்மீன் வானத்தில் நேர்கோட்டில் நகரும். அதை ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால், இரண்டும் தங்கள் பொது நிறை மையத்தைச் சுற்றும். அந்த நேர்கோடு மெல்ல நெளியும். ஃபிரெட்ரிக் பெஸ்ஸல் 1844-இல் சிரியஸ் விண்மீனின் நெளிவைக் கண்டு, அதற்குக் காணாத துணை உண்டு என்றார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1862-இல், ஆல்வன் கிரஹாம் கிளார்க் அந்தத் துணையைத் தொலைநோக்கியில் பார்த்தார். சிவப்புக் குறு விண்மீன்களிலும் இது பலித்திருக்கிறது. ராஸ் 614 விண்மீன் நெளிந்து போவதை 1936-இல் டிர்க் ராயில் கவனித்தார். சாரா லிப்பின்காட் தட்டுகளை அளந்து, துணை எப்போது எந்தப் பக்கம் விலகி நிற்கும் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். 1955-இல் வால்டர் பாடே பலோமார் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்தில் துணை நின்றது.

லிப்பின்காட் வேலை பார்த்த அதே ஸ்ப்ரௌல் வானாய்வகத்தில்தான் பர்னார்டு விண்மீனின் கதை வேறு விதமாகப் போயிற்று. உங்கள் முடிவின் மேல் எனக்குள்ள வருத்தம் முழுவதும் அந்தக் கதையில் அடங்கியிருப்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பீட்டர் வான் டெ காம்ப் 1938-இல் அங்கே 24 அங்குல லென்ஸ் தொலைநோக்கியால் இந்த விண்மீனைப் படமெடுக்கத் தொடங்கினார். ஆண்டுக்கு ஆண்டு, விடாமல். 1963-இல் அறிவித்தார்: வியாழனைப் போல 1.6 மடங்கு நிறையுள்ள கோள் ஒன்று 24 ஆண்டுக்கு ஒரு முறை அதைச் சுற்றுகிறது. உலகமே திரும்பிப் பார்த்தது. 1970களில் பிரிட்டனின் கோளிடைப் பயணச் சங்கம் ஆளில்லா விண்மீன் கலம் ஒன்றைத் தாளில் வடிவமைத்தபோது, போகும் இடமாக இந்த விண்மீனைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் அவர் கண்ட நெளிவு தட்டின் மேல் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். விண்மீன் தட்டில் பதிக்கும் கறுப்புப் புள்ளியின் அகலமே அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

1973-இல் ஜார்ஜ் கேட்வுட், ஹைன்ரிக் ஐக்ஹார்ன் இருவரும் வேறு இரண்டு வானாய்வகங்களில் எடுத்த 241 தட்டுகளை அளந்தார்கள். அதே விண்மீன், வேறு தொலைநோக்கிகள். நெளிவு இல்லை. அதே ஆண்டில் ஸ்ப்ரௌலுக்குள்ளேயே ஜான் ஹெர்ஷி இன்னொன்றைக் கண்டார். அங்கே எடுத்த வேறொரு சிவப்புக் குறு விண்மீனின் தட்டுகளிலும் அதே மாதிரித் துள்ளல்கள், அதே ஆண்டுகளில். 1949-இல் லென்ஸைத் தாங்கும் கூடு மாற்றப்பட்டிருந்தது. 1957-இல் லென்ஸ் திரும்பவும் சரிசெய்யப்பட்டிருந்தது. துள்ளியது விண்மீன் இல்லை, லென்ஸ்.

வான் டெ காம்ப் 1995-இல் மறையும் வரை தம் கோளைக் கைவிடவில்லை. அவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரே விண்மீனுக்காக ஆயிரக்கணக்கான தட்டுகளை எடுத்த மனிதர் அவர். இன்று உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி வேறு. அவருடைய பிழை எப்படித் தெரிய வந்தது? வேறு இரண்டு இடங்களில் யாரோ பழைய தட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஸ்ப்ரௌலில் லென்ஸை எந்த ஆண்டு தொட்டார்கள் என்பது யாரோ எழுதி வைத்த ஏட்டில் இருந்தது. "பயன் பெறப்பட்டுவிட்டது" என்று 1965-இல் ஒரு குழு அவற்றைத் தூக்கி எறிந்திருந்தால், இல்லாத கோள் ஒன்று பாடப்புத்தகங்களில் இன்னும் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

இனி என் அனுபவம்.

தட்டை அளப்பது பொறுமைக்காரர் வேலை. உறையிலிருந்து எடுக்கும்போது ஓரத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். பளபளக்கும் பக்கம் வெறும் கண்ணாடி, மங்கலான பக்கம் பூச்சு. பூச்சின் மேல் விரல் பட்டால் அந்தத் தடம் நிரந்தரம். அளவுக் கருவியின் மேசையில் தட்டை வைத்து ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிடுவேன், கண்ணாடியும் இரும்பும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று. பிறகு நுண்ணோக்கியின் குறுக்கு இழையைக் கறுப்புப் புள்ளியின் நடுவுக்குக் கொண்டு வர வேண்டும். திருகை எப்போதும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பி அளக்கக் கூடாது. நன்றாகப் பின்வாங்கி, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். பர்னார்டு விண்மீனை அளந்து, சுற்றியுள்ள ஒப்பீட்டு விண்மீன்களை அளந்து, தட்டை அரை வட்டம் திருப்பி வைத்து எல்லாவற்றையும் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு தட்டு முடித்தால் நல்ல நாள்.

அந்த வேலையில் சேர்ந்த எட்டாம் ஆண்டு, அதுவரை எடுத்த அளவுகளையெல்லாம் வரைதாளில் குறித்தேன். நேர்கோட்டுக்கு அங்கும் இங்குமாகச் சிதறியிருந்த புள்ளிகள், ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்துக்குப் பிறகு மொத்தமாக மேலே ஏறி நின்றன. ஓரிரண்டு தட்டு என்றால் தள்ளிவிடலாம். தொடர்ந்து மூன்று பருவங்களின் தட்டுகளும் அப்படியே இருந்தன. திரும்ப அளந்தேன். மாறவில்லை. மூன்று வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. காணாத துணை ஒன்றின் நெளிவில் ஒரு வளைவை நான் பிடித்துவிட்டேன் என்றே நம்பினேன்.

பிறகு கீழ் அடுக்கிலிருந்த இரவுப் பதிவேடுகளை இறக்கினேன். கருவி உதவியாளர் ஒருவர் பென்சிலால், சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்: "முன் லென்ஸ் கழற்றித் துடைக்கப்பட்டது. மூன்று திருகுகள் புதியவை." தேதி, நான் பார்த்த துள்ளலுக்குச் சரியாக ஐந்து நாள் முந்தியது. அதே தொலைநோக்கியில் எடுத்த வேறு இரண்டு விண்மீன்களின் தட்டுகளையும் எடுத்து அளந்தேன். அவையும் அதே குளிர்காலத்தில் அதே பக்கம் துள்ளியிருந்தன.

அந்த ஒரு பென்சில் வரி இல்லாமலிருந்தால் நான் ஒரு கோளை அறிவித்திருப்பேன். ஸ்ப்ரௌலில் நடந்ததைப் படித்து, தெரிந்து வைத்திருந்த நானே! இப்போது சொல்லுங்கள். நீங்கள் ஸ்கேன் செய்யப் போகும் "தேர்ந்தெடுத்த" தட்டுகளில் அந்த வரி எங்கே இருக்கும்? தட்டு படமாகிவிடும். திருகு மாற்றிய செய்தி பழைய காகிதத்தோடு போய்விடும். எதிர்காலத்தில் ஒருவர் அந்தப் படங்களை மட்டும் வைத்து அளந்தால், எனக்குக் கிடைத்த அதே துள்ளல் அவருக்கும் கிடைக்கும். அது பொய் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தேர்ந்தெடுப்பது யார், எந்த அடிப்படையில் என்பதும் அறிவிப்பில் இல்லை. புள்ளிகள் அழகாக விழுந்த தட்டுகளை வைத்துக்கொண்டு, காற்று கலங்கிய இரவுகளின் தட்டுகளை விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இப்படி அரித்தெடுத்த தொடரை வைத்து நெளிவைத் தேடவே முடியாது. தேர்ந்தெடுத்தவரின் கை அதில் கலந்துவிடும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது நவீனக் கருவிகள் இருக்கின்றன என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நவீனக் கருவிகளின் கதையையும் பார்ப்போம். 2018 நவம்பரில், விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எடுத்த இருபது ஆண்டுக்கு மேற்பட்ட நிறமாலை அளவுகளைச் சேர்த்து, இக்னாசி ரிபாஸ் தலைமையிலான குழு பர்னார்டு விண்மீனுக்கு 233 நாளில் சுற்றும் ஒரு கோள் இருக்கலாம் என்றது. குறைந்தது பூமியைப் போல 3.2 மடங்கு நிறை. 2021-இல் வேறொரு குழு அதைத் துருவிப் பார்த்து, அது கோளின் தடம் இல்லை, விண்மீனின் சொந்தப் பரப்புக் கலக்கத்திலிருந்து வந்த போலித் தாளம் என்று காட்டியது. இந்த விண்மீன் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 145 நாள் ஆகிறது; அதன் பரப்பிலுள்ள கரும்புள்ளிகள் வருவதும் போவதும் கோளைப் போல வேடமிட்டுவிடுகின்றன. 2024 அக்டோபரில், சிலியிலுள்ள, 'மிகப் பெரிய தொலைநோக்கி' (VLT) என்றே பெயர்கொண்ட தொலைநோக்கியின் எஸ்பிரெஸ்ஸோ கருவி 3.15 நாளில் சுற்றும் கோள் ஒன்றைக் கண்டது. 2025 மார்ச்சில், ஜெமினி வடக்குத் தொலைநோக்கியின் மரூன்-எக்ஸ் கருவியால் மொத்தம் நான்கு கோள்கள் என்று உறுதியானது. எல்லாமே பூமியைவிடச் சிறியவை. வெளியே இருப்பதுகூட ஏழு நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகிறது.

வான் டெ காம்ப் சொன்ன இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விண்மீன் தனியாக இல்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் தட்டு அறைக்குப் போய்ச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பூமியில் மூன்றில் ஒரு பங்கு நிறையுள்ள கோளை நம் கண்ணாடித் தட்டுகள் ஒருநாளும் காட்டாது; அப்படி நான் கோரவில்லை. ஆனால் 2018-க்கும் 2021-க்கும் நடுவே என்ன நடந்தது என்று கவனியுங்கள். கோளா, விண்மீனின் கலக்கமா என்ற வழக்கைத் தீர்க்க, விண்மீன் எப்போது மங்கியது, எப்போது பிரகாசித்தது என்ற நீண்ட சாட்சியம் தேவைப்பட்டது. 1998-இல் அது திடீரென்று ஒரு முறை வெடித்து ஒளிர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. வயதான, அமைதியான விண்மீன் என்று பெயரெடுத்த ஒன்று! இந்தச் சாட்சியத்தைத் தர மிகப் பெரிய கண்ணாடி வேண்டியதில்லை. நம் சிறிய தொலைநோக்கியே போதும். பெரிய தொலைநோக்கிகளில் ஒரு விண்மீனுக்குப் பத்தாண்டு இடம் கொடுக்க மாட்டார்கள். நம்மிடம் அந்த இடம் இருந்தது. அதைத்தான் நீங்கள் மூடுகிறீர்கள்.

விண்மீன்களின் இடங்களை அளக்க அனுப்பிய கையா விண்கலம் எல்லாவற்றையும் அளந்துவிட்டதே என்றும் கேட்கிறீர்கள். துல்லியத்தில் நம் தட்டுகள் கையாவுக்கு உறைபோடக் காணாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையா 2014-இல் அளக்கத் தொடங்கி 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பத்தரை ஆண்டு. முப்பது, நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் துணையின் பாதையில் பத்தரை ஆண்டு என்பது ஒரு துண்டு. வளைவின் துண்டு நேர்கோட்டைப் போலவே தெரியும். கையாவுக்கு முன்னால் அந்த விண்மீன் எங்கே இருந்தது என்று சொல்லப் பழைய பதிவுகளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? ஆல்பா சென்டாரியின் மூன்று விண்மீன்களில் ஒன்றான பிராக்சிமா சென்டாரியைச் சுற்றி ஏறக்குறைய 1,900 நாளில் சுற்றும் துணை ஒன்று இருக்கலாம் என்று 2020-இல் சொல்லப்பட்டபோது, வானியலாளர் ஃபிரிட்ஸ் பெனடிக்ட் என்ன செய்தார்? தாம் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கியால் எடுத்து வைத்திருந்த அளவுகளைத் தூசு தட்டி எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார். அந்தத் துணையைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஓயும்வரை அந்தப் பழைய அளவுகளும் தேவைப்படும்.

தொடரை ஒருமுறை அறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்வர்டே சாட்சி. 1950களில் செலவைக் குறைக்க அங்கே இயக்குநராக இருந்த டொனால்டு மென்ஸல் தட்டுப் பதிவை நிறுத்தினார். பிறகு மீண்டும் தொடங்கினார்கள். இடையில் விட்டுப்போன ஆண்டுகளை யாராலும் எடுக்க முடியவில்லை. அந்தப் பள்ளத்துக்கு இன்றும் "மென்ஸல் இடைவெளி" என்றே பெயர். ஒரு நிர்வாகியின் பெயர் இப்படியும் நிலைத்துவிடுகிறது. அதே ஹார்வர்டில்தான், பழைய தட்டுகளை ஸ்கேன் செய்யக் கண்ணாடியின் மேல் இருந்த மைக் குறிகளைத் துடைக்க வேண்டி வந்தபோது, துடைக்கும் முன் ஒவ்வொரு தட்டையும் அதன் உறையையும் தனியாகப் படமெடுத்தார்கள். நூறாண்டுக்கு முன் அங்கே அளந்த பெண்களின் கையெழுத்து அந்தக் குறிகளில் இருந்தது. முறையாகச் செய்ய வழி இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

குழுவிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, அப்புறப்படுத்தும் வேலையை இன்றே நிறுத்தி வையுங்கள். சென்ற வாரம் இரண்டு பெட்டிகள் கட்டப்பட்டு வாசலுக்கு வந்துவிட்டன. மேலே இருந்தவை பதிவேடுகள். அவற்றைத் திரும்ப உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எதை ஸ்கேன் செய்தாலும் பதிவேடுகளிலிருந்து தொடங்குங்கள். பக்கம் விடாமல், பென்சில் குறிப்பும் ஓரக் குறிப்பும் தெரியும்படி. அதன்பின் உறைகள், இரு பக்கமும். அதன்பின்தான் தட்டுகள், நல்லது கெட்டது பார்க்காமல் அத்தனையும். பணமோ ஆளோ போதாதென்றால் பல ஆண்டுகளாகப் பிரித்துச் செய்யலாம். தட்டுகள் காத்திருக்கும், பல பத்தாண்டுகள் காத்திருந்தவைதான். சம்பளம் இல்லாமல் நான் வருகிறேன். என்னோடு அளந்த இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்கேன் முடிந்த பிறகும் கண்ணாடியை அழிக்காதீர்கள். அறை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை ஏற்றுப் பாதுகாக்கக்கூடிய வேறு காப்பகங்களுக்கு எழுதி, பதில் வர ஓராண்டாவது அவகாசம் கொடுங்கள்.

தொலைநோக்கியைப் பொறுத்தவரை, முழு இரவு கேட்கவில்லை. பர்னார்டு விண்மீன் இரவு வானில் இருக்கும் மாதங்களில் வாரத்துக்கு ஓர் இரவு, அரை மணி நேரம். அதன் ஒளியளவும் இடமும் பதிவாகட்டும். இந்தப் பருவம் முடியுமுன் இதற்கு உத்தரவு வேண்டும். அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றால் இடைவெளி விழுந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் தட்டு அளந்தவர் ஒருவர்கூட இல்லை. மறுபரிசீலனைக் கூட்டத்தை அந்த அறையிலேயே நடத்துங்கள். நான் சொன்ன பதிவேட்டையும், அந்தக் குளிர்காலத்துக்கு முந்திய ஒரு தட்டையும் பிந்திய ஒரு தட்டையும் மேசையில் எடுத்து வைத்திருப்பேன். ஒவ்வொருவரும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகு வாக்களியுங்கள். கூட்டம் எந்தத் தேதியில் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தட்டு அறையில் பத்தொன்பது ஆண்டுகள் அளவுப் பணி செய்தவன்